திருகோணமலையில் இளையோர் நாவல் எழுதக் கற்பது: எந்த வகுப்புக்குக் காசு கட்டலாம்?

கேள்வி: திருகோணமலை நகரில் வேலை பார்க்கிறேன். 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி ஒரு நாவல் தொடங்கினேன், மூன்றாம் அத்தியாயத்தோடு நிற்கிறது. ஒன்லைனில் 8 வார வகுப்பொன்றுக்கு 18,000 ரூபா கேட்கிறார்கள். சேரலாமா? இல்லாவிட்டால் ஊரிலேயே நல்ல வகுப்பு கிடைக்குமா?

பதில்:

காசை இன்னும் கட்டாதீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அந்த வகுப்பைப் பற்றிப் பாதி விளங்கிவிடும்.

ஒருவர் எழுதிய 8 பக்கத்தை ஒழுங்காக வாசித்துப் பேச 25 நிமிடமாவது வேண்டும். 2 மணி நேர வகுப்பென்றால் 4 பேருடைய எழுத்தைப் பார்க்கலாம், மிச்சம் 20 நிமிடம் பாடத்துக்கு. முதல் இரண்டு வாரம் அறிமுகத்திலும் அடிப்படையிலும் போய்விடும். மிஞ்சுவது 6 வாரம், வாரத்துக்கு 4 பேர், மொத்தம் 24 முறை. வகுப்பில் 8 பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று முறை வரும். 12 பேர் என்றால் இரண்டு. 40 பேரைச் சூமில் ஏற்றியிருந்தால் 16 பேருடைய எழுத்து கடைசிவரை மேசைக்கே வராது. அந்த 16 பேரும் அதே 18,000 ரூபாவைத்தான் கட்டியிருப்பார்கள்.

மூன்று முறை, 8 பக்கம் வீதம், 24 பக்கம். 18,000 ரூபாவை அதால் பிரித்தால் பக்கத்துக்கு 750 ரூபா. அனுபவமுள்ள ஒருவர் வரிவரியாக வாசித்துக் குறிப்பெழுதித் தருவாரென்றால் அது கூடிய விலையில்லை. யாரும் உங்கள் பக்கத்தை வாசிக்கவில்லையென்றால் நீங்கள் வாங்குவது 16 மணி நேர விரிவுரை. விரிவுரை சும்மாவே கிடைக்கிறது. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் பிராண்டன் சாண்டர்சன் நடத்திய நாவல் வகுப்புகள் யூடியூபில் முழுதாக இருக்கின்றன. அவர் எழுதுவது மிகைபுனைவு, அதாவது மாய உலகக் கதைகள். ஆனாலும் கதைக்கட்டு, பாத்திரம், வாசகருக்குக் கொடுத்த வாக்கைக் கதை எப்படி நிறைவேற்றுகிறது என்ற பகுதிகள் எந்த நாவலுக்கும் பொருந்தும். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் ஓப்பன்லேர்ன் தளத்தில் புனைவு எழுதத் தொடங்குபவர்களுக்கான பாடநெறியும் இலவசம். இரண்டும் ஆங்கிலத்தில்தான். வேகத்தைக் குறைத்து, திரையின் அடியில் வசனவரிகளைப் போட்டுப் பார்த்தால் ஏ.எல். (உயர்தர) ஆங்கிலம் போதும்.

ஆகவே காசு கொடுப்பது உங்கள் பக்கங்களை வாசிக்கிற ஆளுக்காக. வகுப்பு நடத்துபவரிடம் கேட்கவேண்டியதும் அதைப் பற்றித்தான். எத்தனை பேரைச் சேர்க்கிறார்? ஒவ்வொருவரும் எத்தனை முறை, எத்தனை பக்கம் கொடுக்கலாம்? வாசிப்பது அவரா, அவருடைய பழைய மாணவரா? குறிப்பு எழுத்தில் வருமா, வாயால் மட்டுமா? முந்தைய அணியில் ஒருவருடைய பக்கத்தில் எழுதிய குறிப்பை, எழுதியவர் சம்மதித்தால், பெயரை மறைத்துக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விதான் முக்கியம். "அருமையான நடை, தொடர்ந்து எழுதுங்கள், வாழ்த்துகள்" என்று மட்டும் இருந்தால் அது குறிப்பே இல்லை. "இரண்டாம் பக்கத்தில் இவள் பஸ்ஸைத் தவறவிட்டாள், நான்காம் பக்கத்தில் நேரத்துக்கு வந்து நிற்கிறாள். இடையில் என்ன நடந்தது?" என்று இருந்தால் அவர் வாசித்திருக்கிறார்.

கற்பிப்பவர் யாரென்றும் தேடிப் பாருங்கள். அவர் நூல் வெளியிட்டிருந்தால் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பெரும்பாலும் ஏதாவது அகப்படும், இலவசமாக வாசிக்கலாம். இருபது பக்கம் வாசியுங்கள். அவருடைய எழுத்து உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. அவருடைய கதைகளில் வருகிற பதினைந்து வயதுப் பிள்ளை பதினைந்து வயதுப் பிள்ளையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நல்ல கவிஞர்கள் பலர் நல்ல ஆசிரியர்கள். ஆனால் 150 பக்கத்துக்கு ஒரு கதையை இழுத்துச் செல்லும் சிக்கலை அனுபவிக்காத ஒருவர் உங்கள் மூன்றாம் அத்தியாய முடிச்சை அவிழ்ப்பது கஷ்டம்.

இன்னொன்று, வகுப்பு முடிவில் "அனைவரின் படைப்புகளும் தொகுப்பாக வெளிவரும்" என்றிருந்தால் நின்று யோசியுங்கள். அச்சுச் செலவை உங்களிடம் வாங்குகிறார்களா, உரிமை யாருக்கு என்று கேளுங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய உடனேயே பதிப்புரிமை எழுதியவருக்குச் சேர்ந்துவிடும், பதிவு தேவையில்லை. எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும் அது நிற்கும். வகுப்பில் எழுதியதெல்லாம் அமைப்பாளருக்குச் சொந்தம் என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி கிடந்தால் அதை வெட்டச் சொல்லுங்கள், வெட்டாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இனி ஊர் விஷயம். இளையோர் நாவலுக்கென்றே பலகை தொங்கும் வகுப்பைத் திருகோணமலையில் தேடி அலையவேண்டாம். இங்கே கிடைப்பவை மூன்று வகை, மூன்றுக்கும் வேறு வேறு பயன்.

முதலாவது ஒருநாள் செயலமர்வு. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்பு விருந்தினர் உரை, பகல் சாப்பாட்டுப் பார்சல், சான்றிதழ், குழுப்படம். எழுத மிஞ்சுவது முக்கால் மணி நேரம். அதற்காகப் போகாமல் விடாதீர்கள். அங்கே படிக்கப்போவது குறைவு, ஆனால் ஊரில் யார் யார் எழுதுகிறார்கள் என்று ஒரே நாளில் தெரியும். பிறகு ஒரு வாசிப்புக் குழு தொடங்க உங்களுக்குத் தேவைப்படும் ஐந்து பேரில் இரண்டு பேர் அந்தக் குழுப்படத்தில் நிற்பார்கள். செயலமர்வு எப்போது என்று அறிய, திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைக் கேளுங்கள். மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது, அங்கும் கேட்கலாம். பொது நூலக அறிவித்தல் பலகையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, பாடசாலைகளின் தமிழ்மொழித்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிற ஆசிரியர்கள். மொழி, எழுத்துப்பிழை, சந்தி எல்லாவற்றிலும் பலமானவர்கள். ஆனால் போட்டிச் சிறுகதைக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: குறித்த நேரத்துக்குள் முடியவேண்டும், நடுவர் மெச்சும் தொடக்கம் வேண்டும், கடைசியில் ஒரு நீதி வேண்டும். இளையோர் நாவலைக் கெடுப்பதே அந்த நீதிதான். பதினாறு வயதுப் பிள்ளை மூன்றாம் பக்கத்திலேயே அதை மோப்பம் பிடித்துப் புத்தகத்தை மூடிவிடும். இவர்களிடம் மொழியைத் திருத்தக் கொடுங்கள், கதையைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது பல்கலைக்கழகப் பக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது, நிலாவெளி வீதியால் போகலாம். மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்தர் பெயரிலான அழகியற் கற்கைகள் நிறுவகம். வெளியாருக்கு வகுப்பு இருக்கிறதா என்று கேட்டுப் போகாதீர்கள். எழுதுகிற, மொழிபெயர்க்கிற, நாடகம் போடுகிற விரிவுரையாளர் யாரென்று கேட்டு, தனியாக ஒரு கையெழுத்துப் பிரதியை வாசிப்பாரா என்று கேளுங்கள். நாடகக்காரர்களைக் குறைவாக மதிக்காதீர்கள். உரையாடல் எங்கே செத்துக் கிடக்கிறது என்று அவர்கள் காது முதலில் சொல்லும்.

வகுப்பு இளையோருக்கு எழுதுவதைத்தான் கற்பிக்கிறதா என்பதையும் சோதிக்கவேண்டும். பலர் சிறுவர் இலக்கியத்தையும் இதையும் ஒன்றாகக் குழப்புவார்கள். முயலும் ஆமையும் வந்தால் அது வேறு வகுப்பு. இப்படி ஒரு காட்சியைப் பக்கம் ஒன்றில் எழுதி அனுப்பிப் பாருங்கள்: ஏ.எல். பெறுபேறு வெளியான இரவு, 18 வயதுப் பெண், பெறுபேற்றை அவளுக்கு முன்பே மாமா தன் கைபேசியில் பார்த்துவிட்டார். சிறுவர் கதை மனநிலையில் இருப்பவர் எழுத்துப்பிழை திருத்திவிட்டு, இதிலிருந்து பிள்ளைகள் என்ன கற்கிறார்கள் என்று கேட்பார். விஷயம் தெரிந்தவர் கேட்பது வேறு: பெறுபேறு பார்க்கத் தேவையான அவளுடைய பரீட்சைச் சுட்டிலக்கம் எப்படி மாமாவிடம் போனது? அவள் தானே கொடுத்தாளா? இப்போது அவளுக்கு என்ன வேண்டும், கைபேசியா, பெறுபேறா, மாமா வீட்டைவிட்டுப் போவதா?

உங்கள் நாவல் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்பதற்கும் அநேகமாக இதுதான் காரணம். கதையின் பிள்ளைக்கு ஒரு துயரம் கொடுத்திருப்பீர்கள், ஒரு தேவை கொடுத்திருக்கமாட்டீர்கள். துயரம் மூன்று அத்தியாயம் தாங்கும், அதற்கு மேல் கதையை நகர்த்தாது. தாண்டிப் போனாலும் பாதியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அதிபரோ, தாத்தாவோ, நல்ல ரீச்சரோ வந்து எல்லாவற்றையும் தீர்த்து வைப்பார். நம் வீடுகளில் பெரியவர்கள் இல்லாத அறையே கிடையாது. அதனால் பலர் அப்பாவையும் அம்மாவையும் கதை தொடங்கமுன் சாகடித்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. பெரியவர் அதே அறையில் இருக்கட்டும், அவருக்கும் ஒரு ஆசை இருக்கட்டும், அது பிள்ளையுடையதோடு இடிபடட்டும். முடிவெடுப்பது மட்டும் பிள்ளையாக இருக்கவேண்டும், அந்த முடிவால் ஏதாவது இழக்கவும் வேண்டும். இதைப் பயிற்சியோடு சொல்லித் தராத வகுப்பு இந்த வகைக்குப் பயன்படாது.

காலக் கணக்கும் பாருங்கள். 2009இல் பிறந்த பிள்ளைக்கு 2025இல் 16 வயது. யுத்தத்தையும் 2004 சுனாமியையும் அது கண்டதில்லை. சுவரில் மாலை போட்ட படமாகவும், பேச்சு அந்தப் பக்கம் போனால் அம்மம்மா எழும்பிக் குசினிக்குள் போவதாகவும்தான் அதற்கு அவை தெரியும். எங்கள் தலைமுறையின் பிள்ளைப்பருவத்தை அப்படியே எழுதி இளையோர் நாவல் என்று கொடுப்பது இங்கே அடிக்கடி நடக்கிற தவறு. அது நல்ல நாவலாகவும் இருக்கலாம், ஆனால் வாசிக்கப்போவது நாற்பது வயதுக்காரர். இன்றைய பிள்ளையின் கதையென்றால் அந்த எழும்பிப் போவதை அது எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

சென்னையிலிருந்து ஒன்லைனில் நடக்கும் வகுப்புகளில் ஒரு வசதி, நேர வித்தியாசம் இல்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். சிக்கல் பேச்சுமொழியில். பிள்ளை "ஓம், வாறன்" என்று சொன்னதை "சரி, வரேன்" என்று திருத்துகிறாரா, அல்லது உவர்மலைப் பிள்ளையும் கிண்ணியாப் பிள்ளையும் ஒரே மாதிரிக் கதைக்கிறதே என்று கேட்கிறாரா? இரண்டாவது ஆள்தான் வேண்டும். வீட்டில் வாப்பா, உம்மா, ராத்தா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பிள்ளையை அப்பா, அம்மா, அக்கா என்று பேசவைத்தால் மூதூரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

லண்டன், நியூயோர்க் வகுப்புகளில் இளையோர் புனைவுக்கென்றே நல்ல பாடநெறிகள் உண்டு. சேருமுன் மணிக்கூட்டைப் பாருங்கள். நியூயோர்க்கில் பின்னேரம் 7 மணி என்றால் இங்கே மறுநாள் விடிய 4.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 5.30. லண்டன் 7 மணி இங்கே இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. எட்டு வாரம் அப்படி விழித்திருந்து வேலைக்கும் போகமுடியுமா? மேலும் அங்கே கொடுக்கும் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். தமிழில் எழுதியதை மொழிபெயர்த்துக் கொடுத்தால் கட்டமைப்பைப் பற்றிய குறிப்பு உதவும், வாக்கியத்தைப் பற்றியது உதவாது. கடைசி இரண்டு வாரம், நூலைப் பதிப்பகத்துக்கு விற்றுத் தரும் முகவருக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்பதாக இருக்கும். இங்கே 300 பிரதியைச் சொந்தக் காசில் அடித்து வெளியீட்டு விழாவில் விற்கிற எழுத்தாளருக்கு அந்த இரண்டு வாரமும் நட்டம். நீளமும் அப்படியே. ஆங்கிலத்தில் இளையோர் நாவலுக்கு 50,000 முதல் 80,000 சொல் என்பார்கள். தமிழில் "வீட்டுக்குள்ளேயிருந்து" ஒரு சொல், ஆங்கிலத்தில் அது நான்கு. பக்கத்துக்கு 200 சொல் வைத்தால் 30,000 தமிழ்ச் சொல் 150 பக்கம் வரும், அது தாராளம்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது இது: அந்த 18,000 ரூபா வகுப்பு தருவதை இரண்டாகப் பிரியுங்கள், விரிவுரை ஒன்று, உங்கள் பக்கத்தை வாசிக்கிற ஆள் மற்றது. விரிவுரையை இலவசமாகக் கேளுங்கள். ஊரில் 5 பேர் சேர்ந்து ஒரு வாசிப்புக் குழு தொடங்குங்கள், மாதம் இரண்டு சனி. பஸ்ஸில் வந்து திரும்பிப் போகவேண்டிய கிண்ணியா, மூதூர்க்காரர் இருந்தால் காலை 9.30 நல்ல நேரம், பின்னேரம் வைத்தால் அரைவாசியில் எழும்பிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் இருவர் மட்டும் ஆளுக்கு 1,500 சொல் கொடுக்கவேண்டும், ஐந்து நாளுக்கு முன்பே. அன்று காலையில் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவதைத் தடைசெய்யுங்கள். நன்றாக வாசிப்பவரின் குரல் மோசமான பக்கத்தையும் காப்பாற்றிவிடும்.

சின்ன ஊர். இன்று குறை சொன்னவரை நாளைக்கு மீன் சந்தையில் காணவேண்டும். அதனால் குழுக்கள் இரண்டு வழியில் கெடுகின்றன, ஒன்று எல்லாரும் எல்லாவற்றையும் புகழ்வது, மற்றது ஒருவர் கோபித்துக்கொண்டு நின்றுவிடுவது. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லேர்மன் 1990இல் உருவாக்கிய நான்கு படி முறை இதற்கு நல்ல மருந்து. முதலில் வாசித்தவர்கள் தங்கள் மனதில் நின்றது எது என்று மட்டும் சொல்வார்கள். பிறகு எழுதியவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். பிறகு வாசித்தவர்கள் கேள்வி கேட்பார்கள், கேள்விக்குள் தீர்ப்பை ஒளிக்கக்கூடாது, "ஏன் இவ்வளவு நீளம்?" என்பது தீர்ப்பு, "இந்தக் காட்சியில் எதைக் காட்ட நினைத்தீர்கள்?" என்பது கேள்வி. கடைசியில்தான், எழுதியவர் சரி என்றால், கருத்து. முதல் இரண்டு கூட்டம் நாடகம் மாதிரி இருக்கும், மூன்றாவதில் பழகிவிடும்.

எழுத்துரு தகராறையும் முதல் நாளே தீர்த்துவிடுங்கள். இங்கே இன்னும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டுகிறார்கள். அந்தக் கோப்பை மற்றவர் கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வரும். எல்லாரும் யூனிகோட் என்று முடிவெடுங்கள், பழையதை எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றி ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்புங்கள், மாற்றும்போது சில எழுத்துகள் பிழையாக வரும். அச்செடுத்தால் ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும், வரி இடைவெளி இரண்டு, வலப்பக்க ஓரம் இரண்டு அங்குலம். இடம் இல்லாத தாளில் எவரும் குறிப்பெழுதமாட்டார்கள்.

மிச்சப்படுத்திய காசை முதல் வரைவு முடிந்ததும் ஒரு அனுபவசாலி முழு நாவலையும் வாசித்து நான்கைந்து பக்க அறிக்கை எழுதித் தருவதற்குக் கொடுங்கள். மட்டக்களப்போ யாழ்ப்பாணமோ கொழும்போ, தபாலில் போகும். தொகை, கால எல்லை, அறிக்கையில் என்ன இருக்கும் என்ற மூன்றையும் வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியை முன்னே, பாதியை அறிக்கை வந்த பிறகு.

அந்த 18,000 ரூபா வகுப்பில் 10 பேருக்கு மேல் இல்லை, எழுத்தில் குறிப்பு உண்டு, நடத்துபவர் நாவல் எழுதியவர் என்று பதில் வந்தால் தாராளமாகச் சேருங்கள், குழுவை அதன் பிறகு தொடங்கலாம். ஒரே தடவையில் முழுத் தொகையைக் கட்டாமல் இரண்டு தவணை கேளுங்கள். நான்காம் வாரம் முடியும்போது உங்கள் பக்கம் ஒருமுறையாவது குறிப்போடு திரும்பியிருக்கவேண்டும். திரும்பாவிட்டால் இரண்டாம் தவணையைக் கட்டாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் முதல் அத்தியாயத்தை அந்த வயதுப் பிள்ளைகள் ஆறு பேராவது வாசிக்கவேண்டும். தனிப்பட்ட முறையில் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியர் மூலம், அதிபரின் அனுமதியோடு, பெற்றோருக்குத் தெரிய வைத்துக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்லும், மரியாதையான பிள்ளைகள். ஆளுக்கொரு பென்சிலைக் கொடுத்து, வாசிப்பதை நிறுத்தி வேறெதையாவது பார்க்கத் தோன்றிய இடத்தில் ஒரு கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை. ஆறில் நான்கு தாளில் ஒரே பந்தியில் கோடு விழுந்திருந்தால், குழுவின் அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பந்தியைக் கொண்டுபோங்கள்.